மூக்கின் பட்டியல்

தொடர்ந்து மூன்றாவது நாளாகப் பதினான்காம் வரிசை அழுகிறது என்று வாசனை பிடிக்கும் கருவியான மூக்கு சொன்னது.

கனிஷ்கா லென்ஸை எடுத்துக்கொண்டு போனாள். நாற்பது செடிகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என மூன்று இலைகளைத் திருப்பினாள். சிலந்திப்பேன் இல்லை. மஞ்சள் புள்ளியோ முட்டையோ நூலாம்படையோ எதுவும் இல்லை. குடைமிளகாய்ச் செடிகள் தம் பாட்டுக்குக் காய்த்துத் தொங்கின. ஒன்றுக்கும் அழுவதற்குக் காரணம் தெரியவில்லை.

தளி என்ற ஊருக்குப் போகும் சாலையில் கம்பெனிக்கு எட்டு பசுமைக்குடில்கள் இருந்தன. மூன்றாம் எண் குடில் கனிஷ்காவின் பொறுப்பு. பூச்சியியல் படித்துவிட்டு அரூரிலிருந்து வந்து பத்து மாதம் ஆகிறது. பேச்சு குறைவு. கூட்டத்தில் யாராவது கேள்வி கேட்டால் பதிலை முதலில் நோட்டில் எழுதிப் பார்த்துக்கொள்வாள். அதற்குள் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்.

மேலாளர் ஜெயதேவன் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"தலைமை ஆபீஸ்ல கேப்பாங்கம்மா. செடி அழுவுதுன்னா என்ன, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"சிலந்திப்பேன் இலையைக் குத்திச் சாறு உறிஞ்சினா, செடி ஒரு வாசனையை விடும் சார். நமக்குத் தெரியாது. வேட்டைப்பேனுக்குத் தெரியும். அதுக்குக் கண்ணே கிடையாது. வாசனையைப் பிடிச்சுக்கிட்டு வந்து சிலந்திப்பேனைத் தின்னும்."

"அது இயற்கையிலேயே நடக்கறதுதானே?"

"நடக்கும் சார். ஆனா ஒரு செடி, ரெண்டு செடி தூரத்துக்குத்தான். நம்ம வேட்டைப்பேன் அந்த வாசனைக்குன்னே தலைமுறை தலைமுறையா வளர்த்தெடுத்தது. வரிசையோட அந்தக் கோடியிலிருந்து ஓடிவரும். மூக்கும் அதே வாசனையைத்தான் பிடிக்குது. பிடிச்சதும் அந்த வரிசைக்கு மேல இருக்கிற டப்பா திறந்து வேட்டைப்பேனைக் கொட்டும்."

"மூணு நாளா கொட்டியிருக்கு. தின்ன ஒண்ணுமே இல்லாத இடத்துல."

"ஆமா சார்."

"இருபத்திரண்டாம் வரிசை?"

இருபத்திரண்டில் உண்மையாகவே சிலந்திப்பேன் இருந்தது. இலைகளின் அடியில் வெள்ளை நூல் கட்டத் தொடங்கிவிட்டது. வளர்ப்பறையில் வாரத்துக்கு இவ்வளவு என்றுதான் வேட்டைப்பேன் கிடைக்கும். இந்த வாரத்துக்கானது முழுவதும் பதினான்காம் வரிசையில் பட்டினி கிடந்து செத்துக்கொண்டிருந்தது.

"மருந்து அடிச்சிடலாமான்னு நான் கேக்க மாட்டேன்" என்றார் ஜெயதேவன். "கேட்டா நீங்க என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும்."

காய்கள் விமானத்தில் வெளிநாடு போகின்றன. அங்கே ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு காயை எடுத்துச் சோதிப்பார்கள். மருந்தின் சுவடு தெரிந்தால் மொத்தச் சரக்கும் குழிக்குப் போகும். அடுத்த வருடம் எட்டு குடில்களுக்கும் வேலை இருக்காது.

மறுநாள் பதினான்கு அமைதியானது. பதினேழு அழுதது. அதற்கடுத்த நாள் இருபது. பேன் இப்படி மூன்று மூன்று வரிசையாகத் தாண்டாது என்று கனிஷ்காவுக்குத் தெரியும். ஆட்கள் தாண்டுவார்கள். யார் எந்த வரிசையில் வேலை செய்தார்கள் என்று மேற்பார்வையாளர் எழுதும் தாளை வாங்கி, மூக்கின் பதிவுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எல்லா நாளும் ஒரே பெயர். மாதம்மா.

மாதம்மா தள்ளுவண்டி மேல் நின்று பக்கக்கிளைகளைக் கிள்ளி, கொடியை நூலில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி. அங்கே அவளைவிட வேகமாகக் கிள்ளுகிறவர்கள் இல்லை. கையுறை போட்டால் மொட்டு நசுங்கும் என்பதால் எல்லோரும் வெறும் கையால்தான் கிள்ளுவார்கள்.

"அக்கா, கொஞ்சம் கையைக் காட்டுங்க."

"இன்னா மேடம், ஜோசியமா?"

"கல்யாணம் ஆகுமான்னு பாருங்க மேடம்" என்று பக்கத்து வரிசையிலிருந்து கெம்பம்மா சொன்னாள். "முதல் புருஷன் அவளுக்குச் சரியா அமையல."

அந்தப் பக்கம் நாலைந்து பேர் சிரித்தார்கள். கனிஷ்கா லென்ஸை வைத்துப் பார்த்தாள். மாதம்மாவின் மணிக்கட்டிலும் விரலிடுக்கிலும் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன. வேட்டைப்பேன்கள். கையின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய், ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தன. நூற்றுக்கு மேல் இருக்கும்.

குனிந்ததும் வாசனை வந்தது. சில்லென்று மூக்கில் ஏறும் வாசனை.

"தைலமா அக்கா?"

"ஆமா."

"எங்க வலி?"

மாதம்மா ஒரு கொடியை நூலில் சுற்றி முடித்தாள். "முழங்கால்" என்றாள். பிறகு வண்டியிலிருந்து ஒரே எட்டில் கீழே குதித்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த செடிக்குப் போனாள்.

அன்று மாலையே கனிஷ்கா சோதித்துப் பார்த்தாள். ஒரு கண்ணாடித் தட்டின் ஒரு ஓரத்தில் பேன் தின்ற இலை, மறு ஓரத்தில் தைலம் தொட்ட பஞ்சு, நடுவில் ஐம்பது வேட்டைப்பேன்கள். நாற்பத்தெட்டு பஞ்சுக்குப் போயின. தைலத்தில் இருப்பது மீத்தைல் சாலிசிலேட். செடி விடும் வாசனையிலும் அதுதான். செடி ஒரு துளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு விடுகிறது. வலிக்கு ஒருத்தி விரல் நிறைய எடுத்துத் தேய்க்கிறாள்.

இதை வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை. மூக்கைச் செய்தவர்கள்கூட யோசிக்கவில்லை. அவர்கள் ஊரில் தோட்ட வேலை செய்கிறவர்கள் தைலம் தேய்ப்பதில்லையோ என்னவோ. நான்கு பக்க அறிக்கை எழுதினாள். கடைசியில் ஓர் அட்டவணை போட்டாள். தேதி, வரிசை, மூக்கு ஒலித்த நேரம், அங்கே வேலை செய்தவர் பெயர். பெயர்களுக்கான கடைசிப் பத்தி இல்லாமலும் அறிக்கை புரிந்திருக்கும். பெயர் இருந்தால் அட்டவணை முழுமையாகத் தெரிந்தது. அதனால் சேர்த்தாள்.

பாராட்டு வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அவளோடு ஆறு நிமிடம் பேசினார். சாப்பாட்டுக் கொட்டகையில் தைலம் தடைசெய்யப்பட்டதாகப் பலகை மாட்டினார்கள். பெண்கள் கோட்டு மாட்டிக்கொண்டு உள்ளே போகும் வாசலில் ஒரு மூக்கைப் பொருத்தினார்கள். சிவப்பு எரிந்தால் அன்று குடிலுக்குள் விடுவதில்லை. காய் பொறுக்கும் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள்.

பலன் தெரிந்தது. வீண் அழுகை நின்றது. டப்பாக்கள் இருபத்திரண்டாம் வரிசையில் திறந்தன. பத்து நாளில் புது இலைகள் பச்சையாக வந்தன. சரக்கு போனது. கனிஷ்காவின் வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு மேலாளரின் மேசைக்கு வந்தது.

அதே வாரம் ஜெயதேவன் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"இதுல நீங்க வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடணும். கருவி சரியா வேலை செஞ்சுதுன்னு. அவ்வளவுதான்."

வாசல் மூக்கு யார் யாருக்குச் சிவப்பு காட்டியது என்ற பட்டியல். மாதத்துக்கு மூன்று முறை என்றால் வேலையிலிருந்து ஓய்வு என்று மேலே அச்சடித்திருந்தது.

"எதுக்கு சார் ஓய்வு?"

"வேலை செய்ற உடம்பு இல்லைன்னு அர்த்தம். ஆபீஸ்ல ரொம்ப நாளா இதைத்தான் தேடிக்கிட்டு இருந்தாங்க. கேட்டா ஒருத்தியும் வலின்னு சொல்ல மாட்டா."

"மூக்கு வாசனையைத்தான் சார் சொல்லும். உடம்பைச் சொல்லாது."

"வலி இல்லாதவங்க எதுக்கும்மா தைலம் தேய்ப்பாங்க?"

பதிலை நோட்டில் எழுதிப் பார்க்க நேரம் இல்லை. பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. மாதம்மா, ஒரு முறை. கையெழுத்துப் போட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை அதே பெயர், இரண்டு முறை.

கனிஷ்கா காய் பொறுக்கும் கொட்டகைக்குப் போனாள். மாதம்மா பழுப்பும் பச்சையும் கலந்த காய்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்ச நாள் தைலத்தை விட்டுடுங்க. மாத்திரை போட்டுக்கங்க. இன்னொரு தடவை சிவப்பு எரிஞ்சா அனுப்பிடுவாங்க."

"தெரியும் மேடம்."

"போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"பெங்களூர்தான். கட்டட வேலை. பதினோரு வருஷம் செங்கல் சுமந்துட்டுதான இங்க வந்தேன்." ஒரு காயைத் திருப்பிப் பார்த்து ஓட்டையை விரலால் தொட்டாள். "பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருஷம். இந்த வயசுல இங்க வேற எவன் சேத்துக்குவான்?"

"அப்ப விட்டுடுங்களேன்."

"பாக்கலாம்" என்றாள் மாதம்மா.

கனிஷ்காவுக்குக் கோபம் வந்தது. ஒரு முழங்காலுக்காக வேலையையே விடுகிறாளே, இது என்ன பிடிவாதம் என்று நினைத்தாள். கோபம் வந்தது ஒருவகையில் வசதியாகவும் இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை விடியற்காலையிலிருந்து மழை. கனிஷ்காவின் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. அவள் வாடகைக்கு இருந்த அறைக்கு எதிரில்தான் கம்பெனி வேன் நின்று போகும். அதில் அவள் ஏறியதே இல்லை. வந்து நின்றதும் கையைக் காட்டினாள்.

கதவு திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது.

வேனுக்குள் விளக்கு எரிந்தது. கெம்பம்மா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பின்னால் மாதம்மா நின்று, வேனின் ஆட்டத்துக்கு ஒரு தோளைச் சீட்டில் முட்டுக் கொடுத்து, இரண்டு கட்டைவிரலாலும் கெம்பம்மாவின் இடுப்புக்கு மேலே அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சீட்டில் ஒருத்தி ஊக்கைக் கழற்றித் தோளை இறக்கிவிட்டு முறைக்குக் காத்திருந்தாள். அதற்கடுத்தவள் காலை நீட்டியிருந்தாள். ஒரு வேலையைத் தினமும் செய்கிறவர்களின் அமைதி அது.

கனிஷ்காவைப் பார்த்ததும் எல்லோரும் அப்படியே அசையாமல் இருந்தார்கள்.

"ஏறு மா" என்றாள் மாதம்மா. "மழையில நிக்காத."

கனிஷ்கா ஏறி டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். மாதம்மா கெம்பம்மாவை முடித்தாள். தோளுக்காரியை முடித்தாள். காலை நீட்டியவளிடம் வந்ததும் ஓடும் வேனின் தரையில் குந்தி உட்கார்ந்தாள். கணுக்காலைத் தேய்த்துவிட்டு, எதையும் பிடிக்காமல் எழுந்தாள். மொத்தம் ஆறு பேர். அதன்பிறகு ஒரு பையிலிருந்து எலுமிச்சைத் தோலை எடுத்துத் தன் கைகளை நகம் நகமாகத் தேய்க்கத் தொடங்கினாள்.

கனிஷ்கா எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு முழங்கால் வலி இல்லையா அக்கா?"

"எனக்கு எங்கயும் இல்ல."

"இரும்பு அது" என்றாள் கெம்பம்மா முன்னால் இருந்து. "செத்தா எரிக்க முடியாது. பழைய சாமான்காரனுக்குத்தான் போடணும்."

"அப்ப ஏன் முழங்கால்னு சொன்னீங்க?"

"எங்க வலின்னு நீ கேட்ட. ஒரு இடம் சொல்லணும்ல. கெம்பம்மா முதுகுன்னு சொல்ல முடியுமா?"

கனிஷ்கா லென்ஸில் பார்த்தது நினைவுக்கு வந்தது. பேன்கள் கையில்தான் ஓடின. முழங்கால் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை. அதைப் பார்த்தவள் அவள்தான். பார்த்தும் எழுதாமல் விட்டவளும் அவள்தான்.

"அவங்கவங்க தானே தேய்ச்சுக்கலாமே" என்றாள்.

"தேய்ச்சா ஆறு பேர் கையும் மணக்கும். முதுகுல இருந்தா மேல ரவிக்கை இருக்கு, புடவை இருக்கு, உங்க கோட்டு இருக்கு. மூக்குக்கு எட்டலை. கைக்கு மேல இன்னா இருக்கு? வாசல்ல மூக்கு வெச்சதும் ஒரு வாரம் அவங்கவங்களே தேய்ச்சுப் பார்த்தோம். அப்புறம்தான், ஒருத்தி கை மட்டும் மணக்கட்டும்னு திரும்பவும் நானே எடுத்துக்கினேன். எலுமிச்சை போட்டா முக்கால்வாசி நாள் தப்பிச்சுக்கும்."

"பிளாஸ்டிக் பை மாட்டிக்கிட்டு?"

"அதுவும் பார்த்தாச்சு. அன்னிக்கும் சிவப்புதான் எரிஞ்சுது."

எரியத்தான் செய்யும் என்று கனிஷ்காவுக்குத் தெரிந்தது. மூடிய வேனில் ஐம்பது நிமிடம் ஆறு உடம்புகளின் மேல் குனிந்திருப்பவளுக்குத் தலைமுடியில்கூட ஏறும்.

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா."

மாதம்மா எலுமிச்சைத் தோலை ஜன்னலுக்கு வெளியே போட்டாள். "சொன்னா நீ எழுதுவ" என்றாள். திட்டுவது போலச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பது போலச் சொன்னாள்.

அன்று வாசலில் மூக்கு சிவப்பு காட்டியது.

பத்து மணிக்கு கனிஷ்கா மேலாளர் அறையில் இருந்தாள். ஜெயதேவன் பட்டியலை முன்னால் வைத்திருந்தார்.

"மூணாவது. நாளைக்குக் கையெழுத்தாகணும். இப்பவே போட்டுடுங்க."

"சார், மாதம்மாவுக்கு வலி கிடையாது. மூக்கு பிடிச்சது அவங்க கையை. அவங்க வேற ஒருத்தருக்குத் தேய்ச்சுவிடறாங்க."

"அப்படியா?" அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். பேனாவைத் திறந்தார். "யாருக்கு?"

அவள் எதிர்பார்த்திருக்க வேண்டிய கேள்விதான். வழியெல்லாம் முதல் வாக்கியத்தை மட்டுமே தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். பேனா தாளின் மேல் நின்றது. அவள் போட்ட அட்டவணையில் போலவே, இந்தத் தாளிலும் இப்போது ஆறு பெயர் எழுத இடம் இருந்தது.

"எனக்கு" என்றாள்.

"என்னது?"

"எனக்குத்தான் சார். நாள் பூரா குனிஞ்சு இலையைத் திருப்பறேன். முதுகு பிடிச்சுக்குது. வேன் என் ரூம் முன்னாடிதான் நிக்கும். அவங்க இறங்கி வந்து தேய்ச்சுவிட்டுட்டுப் போவாங்க. நான் ஆபீஸ் வாசல் வழியா வர்றதால மூக்குக்குத் தெரியல."

ஜெயதேவன் பேனாவை மூடினார்.

"உங்களைப் பெர்மனென்ட் பண்ற ஃபைல் இதோ இருக்கு. உடம்பு சரியில்லைன்னு நான் எழுதினா அவங்க என்ன செய்வாங்கன்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"இந்த மூக்கு வாசலுக்கு வந்ததே உங்க அறிக்கையாலதான்."

"அதுவும் தெரியும் சார்."

"பொய் சொல்றீங்களாம்மா?"

கனிஷ்கா பாதி திரும்பினாள். "முதுகைக் காட்டட்டுமா சார்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே மழை விட்டிருந்தது. குடில்களின் கூரையிலிருந்து தண்ணீர் கால்வாயில் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி" என்றார். "மாதம்மாவோட மூணு சிவப்பையும் அடிச்சிடறேன். நாளையிலிருந்து நீங்களும் அந்த வாசல் வழியா வாங்க. ஒரு மாசம். அதுவரைக்கும் உங்களுக்கும் மாதம்மாவுக்கும் எரிஞ்சாலும் உள்ள விடுவாங்க, கணக்குல சேக்க மாட்டாங்க. நீங்க சொல்றது நிஜம்னா உங்களுக்கும் எரியணும். எரியலைன்னா, அப்புறம் நான் எல்லாரையும் ஒவ்வொருத்தரா டாக்டர்கிட்ட அனுப்பிப் பார்க்க வேண்டியிருக்கும்."

"சரி சார்."

"ஃபைல் ஆறு மாசம் நிக்கும். அதுக்கு மேல என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

அவள் வெளியே வந்தாள். மேற்பார்வையாளரிடம் போய், நாளை முதல் மாதம்மாவை எங்கே நிஜமாகச் சிலந்திப்பேன் இருக்கிறதோ அந்த வரிசைகளுக்கு மட்டும் போடச் சொன்னாள். அங்கே டப்பா திறந்தால் எதுவும் வீணாகாது. மாதம்மாவின் கைக்கு ஓடிவருகிற வேட்டைப்பேனுக்கும் பக்கத்திலேயே சாப்பாடு கிடைக்கும். ஏன் என்று மேற்பார்வையாளர் கேட்டான். சோதனை என்றாள். அது பொய் இல்லை.

மறுநாள் ஸ்கூட்டர் கிளம்பியது. அதை நிறுத்திவிட்டு வேனுக்காகக் காத்திருந்தாள்.

உள்ளே விஷயம் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. கெம்பம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். "மேடத்துக்கு முதுகு வலியாமே" என்றாள். "இத்தனை நாள் லென்ஸ் வெச்சிப் பார்த்தும் கண்டுபிடிக்கலியாமே."

மாதம்மா தைல டப்பாவைத் திறந்துகொண்டு வந்தாள். "திரும்பி உக்காரு."

"எனக்கு வலி இல்லக்கா. சும்மாதான் சொன்னேன்."

"அது எனக்குத் தெரியும். வாசல்ல உன் மேல மணக்கலைன்னா இவளுங்களை டாக்டர்கிட்ட அனுப்புவாங்க. திரும்பு. முதுகுல மட்டும் வெச்சா கோட்டு மறைச்சிடும். கழுத்துலயும் கொஞ்சம் வெக்கறேன்."

கனிஷ்கா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக் குனிந்தாள். சட்டைக் காலருக்குள் தைலம் சில்லென்று இறங்கிற்று. இரண்டு கட்டைவிரல்கள் கழுத்திலிருந்து தொடங்கி, தோள் எலும்புகளுக்கு நடுவே அழுத்திக்கொண்டு, அவசரமில்லாமல் கீழே வந்தன. ஓரிடத்தில் வந்து நின்றன.

"இங்கதானே?" என்றாள் மாதம்மா.

கனிஷ்கா இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பத்து மாதம் குனிந்த இடம் அந்த விரல்களுக்கடியில் ஒரு முடிச்சு போலக் கிடந்தது. அது அங்கே இருந்தது அவளுக்குத் தெரியாது.

"இன்னும் கொஞ்சம் கீழே அக்கா" என்றாள்.